திறந்திருந்த கடையை மூடிய செல்போன்!

தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. ஊற வைத்த அரிசியும் உளுந்தும் தயாராக இருந்தன. எங்கள் வீட்டு கிரைண்டர் மட்டும் தயாராக இல்லை. பொத்தானை அழுத்தினால் 'உம்' என்று ஒரு முனகல். அவ்வளவுதான். கல் அசைய மறுத்துவிட்டது.

நான் இருப்பது கோயமுத்தூரில், சிங்காநல்லூர் பக்கம். நாடெங்கும் உள்ள சமையலறைகளுக்கு கிரைண்டர் செய்து அனுப்பும் ஊர் இது. 'கோயமுத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவியியல் குறியீடே கிடைத்திருக்கிறது. இந்த ஊரில் கிரைண்டர் பழுது பார்க்க ஆள் கிடைக்காமல் போகுமா?

இந்தக் காலத்து வழக்கப்படி செல்போனை எடுத்து, "பக்கத்தில் கிரைண்டர் ரிப்பேர்" என்று கேட்டேன். மேலாக வந்த எண்ணைக் கூப்பிட்டேன். பேசிய பெண்மணிக்கு சிங்காநல்லூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. எழுத்துக் கூட்டிச் சொன்ன பிறகு விலாசத்தைக் குறித்துக்கொண்டார். மறுநாள் ஒரு பையன் வந்தான். கிரைண்டரைக் கவிழ்த்தான், நிமிர்த்தினான். "மோட்டார் போயிடுச்சு, சார். புதுசு போட ரூ.2,800 ஆகும்" என்றான். வேண்டாம் என்றேன். வந்து பார்த்ததற்கு ரூ.350 வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பக்கத்து வீட்டு அம்மாள் இதையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, ரண்டு வீதி தள்ளி நம்ம மெக்கானிக் இருக்கறப்ப எதுக்குங்க இந்தப் பாடு?" என்றார்.

கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். சிறிய கடை. அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து காயில் கட்டிக்கொண்டிருந்தார். கிரைண்டரின் முனகலை ஒரே ஒரு தடவை கேட்டார். கண்டென்சரை மாற்றினார். கல் சுற்றியது! கூலியும் சாமானும் சேர்த்து ரூ.180 கேட்டார்.

"அண்ணா, செல்போனில் தேடினேனே, உங்கள் கடை வரவில்லையே?" என்று கேட்டேன்.

"அதுலயெல்லாம் நம்ம கடை வராதுங்க தம்பி. ஒரு ஆளுகிட்டப் பணங்கூடக் கட்டிப் பாத்துட்டனுங்க" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். கடையின் பெயரையே போனில் தட்டினேன். கடை வந்தது. பெயர் சரி. வீதி சரி. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் இரண்டு வார்த்தைகள்:- "நிரந்தரமாக மூடப்பட்டது."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். சிறிது நேரம் அவர் பேசவில்லை.

"கடைய நான் மூடவே இல்லீங்களே! மூடுனதுன்னு எழுதுனது யாருங்க?" என்றார்.

யார் எழுதியது?

யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். அதுதான் விஷயம். கூகிள் தேசப்படத்தில் உள்ள எந்தக் கடையைப் பற்றியும், 'இது மூடிவிட்டது', 'எண் மாறிவிட்டது' என்று போன் வைத்திருக்கும் எவரும் தகவல் கொடுக்கலாம். சொந்தக்காரர் என்று யாரும் பதிவு செய்துகொள்ளாத கடை என்றால், மறுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. 2020-ம் ஆண்டு ஊரடங்கின்போது பெரியவர் கடையைப் பூட்டிவிட்டுச் சில மாதங்கள் சொந்த ஊரில் இருந்தார். அப்போது கடைக்கு வந்து பூட்டைப் பார்த்த யாரோ ஒருவர், கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமலே, தகவல் கொடுத்திருக்க வேண்டும். பெரியவர் திரும்பி வந்து பூட்டைத் திறந்தார். போனில் உள்ள பூட்டு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு வியாபாரம் படிப்படியாகக் குறைந்தது. "எல்லாரும் பாக்கெட் மாவு வாங்க ஆரம்பிச்சுட்டாங்க, வூட்டுல ஆட்டறவங்களே இல்லைன்னு நெனச்சனுங்க" என்றார். வேலைக்கு இருந்த இரண்டு பையன்களையும் ஒருவர் பின் ஒருவராக அனுப்பிவிட்டார். தெரிந்தவர்கள் வந்தார்கள். தெரியாதவர்கள் வரவில்லை. அந்தத் தெரியாதவர்களில்தான் நானும் ஒருவன். இரண்டு வீதிக்கு அப்பால் இருந்துகொண்டு!

சவப்பெட்டிக்காரர் கண்ட வழி

இப்படி நடப்பது இன்று நேற்றல்ல. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி என்ற ஊரில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் இருந்தார். இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது அவர் தொழில். டெலிபோன் வந்த புதிது. எண்ணைச் சுழற்றும் வசதி கிடையாது. எக்ஸ்சேஞ்சில் உள்ள பெண்ணிடம் சொன்னால் அவர் இணைப்புக் கொடுப்பார். அந்த எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் போட்டிக் கடைக்காரரின் மனைவி என்றும், ஸ்ட்ரோஜரைக் கேட்டவர்களையெல்லாம் தன் கணவரிடமே இணைத்துவிட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, அதன் விளைவு சரித்திரம். நடுவில் ஆளே இல்லாமல் தானே இணைப்புக் கொடுக்கும் யந்திரம் ஒன்றை ஸ்ட்ரோஜர் கண்டுபிடித்தார். 1891-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. உலகமெங்கும் தானியங்கி டெலிபோன் பரவ அது வழி வகுத்தது.

மஞ்சள் பக்கங்கள் என்ற டெலிபோன் புத்தகமும் இருந்தது. அதில் பெயர்கள் அகர வரிசைப்படி இருக்கும். உடனே 'ஏஏஏ' என்று தொடங்கும் பெயராகத் தேடி வைத்துக்கொண்டார்கள் சாமர்த்தியசாலிகள்! வாடிக்கைக்காரருக்கும் கடைக்காரருக்கும் நடுவே நிற்பது யாராக இருந்தாலும், அவர் கண்ணில் முதலில் படவேண்டும் என்ற தவிப்பு வியாபாரிக்கு என்றும் உண்டு. இன்று நடுவே நிற்பது தேடு யந்திரம்.

யந்திரம் எப்படிப் பார்க்கிறது?

ஸ்டான்போர்டு சர்வகலாசாலை மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் 1998-ல் கூகிளைத் தொடங்கினார்கள். அவர்களுடைய மூல யோசனை நமக்குப் புதிதல்ல. ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே என்ன சொல்லிக்கொள்கிறது என்பதோடு நிற்காமல், மற்றப் பக்கங்கள் எத்தனை அதைச் சுட்டிக் காட்டுகின்றன, சுட்டிக் காட்டுபவர் எவ்வளவு மதிப்புள்ளவர் என்று பார்ப்பது. நம் ஊரில் பெண் பார்க்கப் போகுமுன் நாலு பேரிடம் விசாரிப்பார்களே, அதே முறைதான்.

பக்கத்துக் கடைகளைக் காட்டும்போது இன்னும் இரண்டு சேர்கின்றன. மூன்று விஷயங்களைக் கூகிள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. கேட்ட பொருளுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், கேட்பவர் இருக்கும் இடத்திலிருந்து கடை உள்ள தூரம், கடையின் பிரபலம். இந்த மூன்றையும் எடை போட்டுத்தான் வரிசை அமைகிறது.

தூரத்தை மாற்ற யாராலும் முடியாது. பொள்ளாச்சியில் கிரைண்டர் நின்றுபோனவருக்குச் சிங்காநல்லூர் கடை வராது, வரவும் வேண்டாம். சின்னக் கடைக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். ஊர் முழுவதையும் பிடிக்க வேண்டியதில்லை. சுற்றியுள்ள நாலு வீதிகள் போதும்.

ஒரு எச்சரிக்கை. கடையில் உட்கார்ந்துகொண்டு சொந்தப் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "நான்தான் முதல்!" என்று மகிழ்ந்து போகாதீர்கள். தூரம் பூஜ்யமாக இருக்கும்போது வராமல் என்ன செய்யும்? ஒரு மைல் தள்ளியிருக்கும் மச்சானைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் கடையின் பெயரைச் சொல்லாமல், 'கிரைண்டர் ரிப்பேர்' என்று மட்டும் தேடச் சொல்லுங்கள்.

ரூ.12,000-க்கு முதலிடம்!

பெரியவர் பணம் கட்டிய கதைக்கு வருகிறேன். ஒரு நாள் டெலிபோனில் ஒருவர் பேசினாராம். "கூகிளில் உங்கள் கடையை முதலிடத்தில் கொண்டு வருகிறோம். வருஷத்துக்கு ரூ.12,000" என்றாராம். பெரியவர் கடன் வாங்கிக் கட்டினார். பத்து நாளில் அந்த ஆள் வந்து போனைக் காட்டினார். ஆமாம்! பெரியவர் கடைதான் முதலில் இருந்தது.

எதைத் தட்டித் தேடினார் தெரியுமா? கடையின் முழுப் பெயரை! தகப்பனார் பெயர், இன்ஷியல், வீதிப் பெயர் எல்லாம் சேர்த்து. அந்தப் பெயரில் உலகத்தில் வேறு கடையே கிடையாது. அது முதலில் வராமல் எது வரும்? 'மூடப்பட்டது' என்ற சிவப்பு எழுத்து வேறு பக்கத்தில் இருந்தது. அதை அந்த ஆள் கவனிக்கவே இல்லை.

ரூ.12,000-க்கு அவர் செய்து கொடுத்த இணையப் பக்கத்தையும் பார்த்தேன். பளபளவென்று ஒரு படம். கடையின் பெயர், விலாசம், எண் எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே தீட்டப்பட்டிருந்தன. எழுத்தாக ஒன்றும் இல்லை. யந்திரம் முதலில் படிப்பது எழுத்தை. படத்துக்குள் இருக்கும் எண்ணை நம்பி உட்காரக் கூடாது. அது போகட்டும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, 'கோயமுத்தூரில் சிறந்த கிரைண்டர் ரிப்பேர்' என்று திரும்பத் திரும்ப எழுதி மறைத்து வைத்திருந்தார்! கண்ணுக்குத் தெரியாது; யந்திரத்துக்குத் தெரியும் என்பது கணக்கு. தேடு யந்திரங்களின் குழந்தைப் பருவத்து மோசடி இது. இப்போது இதைச் செய்தால் பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரேயடியாக நீக்கவும் செய்வார்கள்.

முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. இது நான் சொல்வதல்ல. கூகிளே எழுதி வைத்திருக்கிறது. பணம் கட்டி இந்த வரிசையில் மேலே போகவும் முடியாது. பணம் கட்டினால் விளம்பரம் போடலாம். அது விளம்பரம் என்ற அடையாளத்தோடு தனியே வரும். இந்தத் துறையில் ஒழுங்காக வேலை செய்து கூலி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண்பது சுலபம்: உத்தரவாதம் கொடுக்க மாட்டார்கள்.

ஷட்டரைத் திறந்து காட்டு!

தீபாவளி முடிந்த மறு வாரம் பெரியவர் கடையில் உட்கார்ந்தோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் பேத்தியும் வந்திருந்தாள். வேலை முழுவதையும் அவள்தான் செய்தாள். நான் வேடிக்கை பார்த்தேன் என்பதே உண்மை.

கடைகளின் பதிவை வைத்துக்கொள்ள கூகிள் ஒரு இலவச வசதி கொடுக்கிறது. முன்பு 'கூகிள் மை பிசினஸ்' என்று பெயர். 2021-ல் 'கூகிள் பிசினஸ் புரொபைல்' என்று மாற்றிவிட்டார்கள். கடைக்குச் சொந்தக்காரர் நாம்தான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். எங்களிடம் வீடியோ கேட்டார்கள். ஒரே ஓட்டமாக, வெட்டாமல் ஒட்டாமல் எடுக்க வேண்டும். வீதியின் பெயர்ப் பலகையிலிருந்து தொடங்கி, பக்கத்துக் கடை, நம் கடையின் பலகை, பெரியவர் சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, உள்ளே காயில் சுற்றும் யந்திரம், பில் புத்தகம் என்று பேத்தி எடுத்தாள். ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டதால் முதல் வீடியோ வீணாயிற்று. இரண்டாவது வீடியோ சரியாக வந்தது. சில நாட்களில் ஒப்புக்கொண்டு பதில் வந்தது.

முதல் காரியமாக, 'மூடப்பட்டது' என்பதை எடுத்துவிட்டு, 'திறந்திருக்கிறது' என்று மாற்றினாள். பெரியவர் அதைத் தானே அழுத்துவதாகச் சொன்னார். அவரே அழுத்தினார்.

அதன் பிறகு பார்த்தால் எத்தனை தவறுகள்! பதிவில் இருந்தது பழைய 0422 எண். அந்த லைனை அவர் என்றோ ஒப்படைத்துவிட்டார். படத்தில் உள்ள புள்ளி மெயின் ரோட்டில் ஒரு பேக்கரியின் மேல் குத்தியிருந்தது. கடைப் பலகையில் ஒரு எண், பில் புத்தகத்தில் ஒரு எண், வேறொரு விலாசப் பட்டியலில் மூன்றாவது எண்! நாலு இடத்தில் நாலு மாதிரி இருந்தால் யந்திரம் எதை நம்பும்? மனிதனே நம்பமாட்டானே? எல்லா இடத்திலும் பெயர், விலாசம், எண் மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கினோம். இதற்கே இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. சலிப்பான வேலைதான். ஆனால் ரூ.12,000 வாங்கிய ஆள் இதை ஒரு மாலைகூடச் செய்யவில்லை.

பெயரோடு ஒரு வால்

பேத்திக்கு ஒரு ஆசை. கடையின் பெயரோடு 'நெம்பர் ஒன் கிரைண்டர் ரிப்பேர் கோயமுத்தூர்' என்று ஒரு வால் சேர்க்கலாமே என்றாள். பல கடைகள் அப்படிச் செய்திருப்பதையும் காட்டினாள். கூடாது. பலகையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுதான் பதிவிலும் இருக்க வேண்டும் என்பது விதி. யாராவது புகார் செய்தால் பதிவையே நிறுத்திவிடுவார்கள்.

நியூயார்க்கில் ஒருவர் இந்த விதிக்கு வேடிக்கையான வழி கண்டார். தம் ஓட்டலுக்கு நிஜமாகவே 'தாய் ஃபுட் நியர் மீ' என்று பெயர் வைத்துப் பலகையும் மாட்டிவிட்டார். 'எனக்குப் பக்கத்தில் தாய்லாந்துச் சாப்பாடு' என்று அர்த்தம். பசித்தவன் போனில் எதைத் தட்டுவானோ அதுவே ஓட்டலின் பெயர்! நம் பெரியவர் தகப்பனார் பெயரை விட்டுக்கொடுக்கமாட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

வாலைச் சேர்க்க வேண்டிய இடம் வேறு. கடை எந்தத் தொழில் என்று ஒரு முதன்மைப் பிரிவும், கூடுதலாக ஒன்பது பிரிவுகள் வரையும் குறிக்கலாம். அதற்குக் கீழே என்னென்ன வேலை செய்கிறோம் என்று எழுதலாம். இங்கேதான் பெரியவர் எங்களைத் திகைக்க வைத்தார். "கிரைண்டர் கல் கொத்தறது, பெல்ட் மாத்தறது, காயில் கட்டறது, டில்டிங் கிரைண்டருக்கு பேரிங், மிக்சி ஜாருக்கு பிளேடு, டேபிள் ஃபேன்..." என்று அடுக்கினார். இருபது வேலைகள் தேறின. பதிவிலோ 'எலக்ட்ரிகல்ஸ்' என்ற ஒரு சொல்தான் இருந்தது. கல் கொத்த ஆள் தேடி அலைபவர் 'எலக்ட்ரிகல்ஸ்' என்றா தேடுவார்? வாடிக்கைக்காரர் வாயில் வரும் வார்த்தையை எழுத வேண்டும். தமிழிலும் எழுதினோம், ஆங்கிலத்திலும் எழுதினோம். இப்போது பலர் தட்டுவதில்லை. போனிடம் தமிழில் பேசித்தான் கேட்கிறார்கள்.

இணையப் பக்கத்தில் இருந்த படத்தையும் வெள்ளை எழுத்தையும் எடுத்துவிட்டு, இதே பட்டியலை எழுத்தாகப் போட்டோம். எந்த வேலைக்குச் சுமார் எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் கிடைக்கும் என்றும் சேர்த்தோம். 'முனகல் கேட்டும் கல் சுற்றவில்லையா? மோட்டாரை மாற்றுமுன் கண்டென்சரைப் பாருங்கள்' என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். அது என் ரூ.350-ன் ஞாபகார்த்தம்.

நட்சத்திர விவகாரம்

பிரபலம் என்ற மூன்றாவது விஷயத்தில்தான் ஆசை வலுக்கிறது. வாடிக்கைக்காரர்கள் எழுதும் அபிப்பிராயங்களும், கொடுக்கும் நட்சத்திரங்களும் இதில் சேரும். நட்சத்திரம் வாங்கித் தருகிறோம் என்றும் ஆட்கள் வருகிறார்கள்.

லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் 2017-ல் ஒரு விளையாட்டுச் செய்தார். டல்விச் பகுதியில் தாம் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையை ஓட்டல் என்று ஒரு பயணத் தளத்தில் பதிந்தார். சோப்பு நுரையையும் சாயத்தையும் வைத்து பலகாரம் மாதிரிப் படம் எடுத்தார். நண்பர்களை விட்டுப் பாராட்டு எழுத வைத்தார். சில மாதங்களில் அந்த இல்லாத ஓட்டல், லண்டன் நகரத்து ஓட்டல்களிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது! குட்டை அவரே உடைத்து ஊரைச் சிரிக்க வைத்தார். நம் நாட்டிலும் இணையத்தில் வரும் வாடிக்கைக்காரர் அபிப்பிராயங்களுக்கென்று 2022-ல் இந்திய தர நிர்ணய அமைவனம் ஒரு தர விதி வெளியிட்டது. காசு கொடுத்தோ, தள்ளுபடி கொடுத்தோ நட்சத்திரம் வாங்கக் கூடாது என்பது கூகிளின் விதி. 'திருப்தியானவர்கள் மட்டும் எழுதுங்கள்' என்று பொறுக்கி எடுத்துக் கேட்பதும் கூடாது.

கேட்பதே தவறா? இல்லை. எல்லோரிடமும் கேட்கலாம். பெரியவருக்கோ கேட்கவே கூச்சம். "வேலை நல்லா இருக்குதுன்னு நாமளே போயி எப்படிங்க கேக்கறது?" என்றார். பேத்தி ஒரு யுக்தி செய்தாள். கேமராவைக் காட்டினால் நேரே அபிப்பிராயப் பக்கத்துக்குப் போகும் சதுரக் குறியை அச்சடித்து, பில் புத்தகம் இருக்கும் மேஜை மேல் ஒட்டிவிட்டாள். பெரியவர் சில்லறை எண்ணுவதற்குள் சிலர் எழுதிவிடுகிறார்கள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நட்சத்திரத்தோடு ஒரு வசவு வந்தது. 'சொன்ன நாளில் தரவில்லை' என்று. பெரியவர் இரவு தூங்கவில்லை. அழித்துவிட முடியாதா என்று காலையில் எனக்குப் போன் செய்தார். முடியாது, பொய்யோ ஆபாசமோ என்றால் புகார் செய்யலாம். இது உண்மை. பேரிங் கிடைக்காமல் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. அதையே பதிலாக எழுதச் சொன்னேன். "பேரிங் வரவில்லை. முன்பே போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். தவறு என்னுடையது" என்று எழுதினார். நட்சத்திரம் மாறவில்லை. ஆனால் அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்ததாகச் சொல்லி ஒரு அம்மாள் டில்டிங் கிரைண்டரைக் கொண்டுவந்து இறக்கினார்.

இப்போது எப்படி?

முதலிடம் வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் வீட்டிலிருந்து தேடினால் இரண்டாவதாக வருகிறது. சில நாள் மூன்றாவது. காந்திபுரத்திலிருந்து தேடினால் வருவதே இல்லை. மேலாக நிற்பது இன்னமும் அந்த வெளியூர்க் குரல்தான். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் மறுபடி கடைக்கு வர ஆரம்பித்திருக்கிறார்கள். வெளியே அனுப்பிய இரண்டு பையன்களில் ஒருவன் மார்கழியில் திரும்பி வந்து சேர்ந்துவிட்டான். மற்றவன் திருப்பூரில் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

மாட்டுப் பொங்கலன்று கடைப் பதிவைத் திறந்து பார்த்தேன். யாரும் சொல்லாமல் பெரியவரே மூன்று நாள் விடுமுறையைப் பதிந்திருந்தார். கடை இன்று இல்லை என்றும், வெள்ளிக்கிழமை காலை 9-30 மணிக்குத் திறக்கும் என்றும் போன் சொல்லிற்று.